ஊர்ப் புள்ளைக்கு "இது போதும்"னு யார் முடிவு பண்றது?

பட்டணத்துல இருக்குற சொந்தக்காரங்ககிட்ட லேப்டாப் வாங்க ரோசனை கேட்டா என்ன பதில் வரும்னு எனக்கு மனப்பாடம். "ஊர்ல இருக்குற புள்ளைக்கு எதுக்குங்க மாமா அவ்வளவு வெலையில? முப்பதாயிரத்துல ஒண்ணு எடுத்துக் குடுங்க, இது போதும்." நல்ல மனசோடதான் சொல்றாங்க. நம்ம கையில காசு இல்லைன்னு தெரிஞ்சு, செலவைக் கொறைக்கத்தான் சொல்றாங்க. ஆனா அந்த "இது போதும்" மேலதான் எனக்கு வழக்கு.

எங்க தோட்டம் அந்தியூர் பக்கம். மூணு ஏக்கர், மஞ்சளும் மரவள்ளியும், ரெண்டு கறவை மாடு. நான் படிச்சது பத்தாம் வகுப்பு வரைக்கும். கம்ப்யூட்டர் பத்திப் பேச இவனுக்கு என்ன தெரியும்னு நீங்க நெனைக்கலாம். மகள் பி.காம். சி.ஏ. சேர்ந்ததும் லேப்டாப் வேணும்னு ஆச்சு. மூணு மாசம் கடை கடையா ஏறி இறங்கிக் கேட்டதுல, விக்கிறவங்க சொல்றதுல எது நெசம், எது ஜோடனைன்னு கொஞ்சம் புரிஞ்சுது. அதைத்தான் எழுதறேன்.

முதல்ல வெலையை எங்க கணக்குல சொல்லிடறேன். ஆப்பிள் கம்பெனியோட மேக்புக் ஏர், எம்4 சிப் போட்டது, 2025 மார்ச்சுல இந்தியாவுக்கு வந்தப்ப ஆரம்ப வெலை 99,900 ரூபா. ஒரு லிட்டர் பால் 35 ரூபான்னு வெச்சா 2,854 லிட்டர் பால். நாளுக்குப் பத்து லிட்டர் கறந்தா 285 நாள். முப்பதாயிரம் ரூபா லேப்டாப்புன்னா 86 நாள். இது தீவனம், தவுடு, வைத்தியம் எதுவும் கழிக்காத கணக்கு. ஒருத்தருக்கு ரெண்டு மாசச் சம்பளம். எங்களுக்கு ஒரு மாட்டோட முக்கா வருசப் பொழப்பு. அதனால "நல்லதா வாங்குங்க, யோசிக்காதீங்க"ன்னு சொல்றவங்க பேச்சையும் நான் அப்படியே ஏத்துக்க மாட்டேன்.

வெல கூடின மெசினை விக்கிறவங்க ஒரு கணக்குச் சொல்லுவாங்க. "மலிவா வாங்குனா மூணு வருசத்துல போயிரும், இதை வாங்குனா ஆறு வருசம் ஓடும், கடைசில இதுதான் லாபம்." நோட்டை எடுத்துப் போட்டுப் பாருங்க. முப்பதாயிரம் மூணு வருசம் ஓடுனா வருசத்துக்குப் பத்தாயிரம். லட்ச ரூபா மெசின் ஆறு வருசம் ஓடுனா வருசத்துக்கு 16,650. பத்து வருசம் ஓடுனாத்தான் ரெண்டும் சமம். அதுவும் நடுவுல கீழ விழாம, திரை ஒடையாம, டீ கொட்டாம இருந்தா. அதனால லாபம்ங்கற பேச்சு செல்லாது. வெல கூடினது வாங்கறதா இருந்தா வேற காரணம் வேணும்.

அந்தக் காரணம் இருக்கு. அது எடை.

மருந்து அடிக்கற ஸ்பிரேயர் எந்த விவசாயியோட முதுகுலயும் ஏறியிருக்கும். டேங்க்ல 16 லிட்டர் தண்ணி, அதுவே 16 கிலோ. முதல் டேங்க் தெரியாது, ஆறாவது டேங்க்ல தோள் சொல்லும். கடையில ஒரு நிமிசம் தூக்கிப் பார்த்துட்டு "லேசாத்தான் இருக்கு"ன்னு சொல்றதுக்கு அர்த்தமே இல்லைங்க. தெனமும் எவ்வளவு நேரம் சொமக்கணும்ங்கறதுதான் எடை.

எங்க பொண்ணு காலைல ஏழு மணி டவுன் பஸ்ஸுல அந்தியூர் போகணும். அங்கிருந்து இன்னொரு பஸ் மாறி ஈரோடு. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸுல பொம்பளைங்களுக்கு 2021ல இருந்து டிக்கெட் இல்லை, அதனால எத்தனையோ வீட்டுல பொண்ணுங்க படிக்கப் போகுது. அந்தத் திட்டத்தை நான் கும்பிடுவேன். ஆனா அந்த நேரத்துக்குப் பஸ்ஸுல நிக்கத்தான் எடம் கிடைக்கும். ஒரு கையில கம்பி, தோள்ல பை. பைக்குள்ள புஸ்தகம், சோத்துப் போசி, தண்ணி பாட்டில். அதுக்கு மேல லேப்டாப்பு. மலிவு வெலையில கெடைக்கறது பெரும்பாலும் பதினஞ்சரை இஞ்சு திரை, ஒண்ணே முக்கால் கிலோவுக்குப் பக்கத்துல. பேட்டரி மதியத்துக்கு மேல தாங்காதுன்னா சார்ஜரையும் சேர்த்துத் தூக்கணும். ரெண்டு கிலோ ஆயிப்போச்சு. மேக்புக் ஏர் 1.24 கிலோ. பேட்டரியும் நாள் முச்சூடும் நிக்கும், சார்ஜரை வீட்டுலயே விட்டுட்டுப் போகலாம்.

பக்கத்துத் தோட்டத்துல ஒரு பையன். அவனுக்கு மலிவா ஒரு லேப்டாப் வாங்குனாங்க. ரெண்டு மாசம் காலேஜுக்குக் கொண்டுபோனான், அப்பறம் பாரம்னு வீட்டுலயே வெச்சுட்டான். காலேஜுல செய்யவேண்டிய வேலையை எல்லாம் செல்போன்லயே செஞ்சான். ரெண்டாவது வருசம் மூடியைப் பிடிச்சிருக்கற கீல் ஒடைஞ்சு போச்சு. இப்ப அது செவுத்துல சாய்ச்சு வெச்சுப் படம் பார்க்கற பொட்டி. வாங்குன வெல கம்மிதான். ஆனா எதுக்கு வாங்குனாங்களோ அதுக்கு ஒதவலை.

அப்ப மேக்புக் ஏரே வாங்கிரலாமா? அங்கதான் ரெண்டாவது கேள்வி வருது. அந்த மெசின்ல என்ன வேலை செய்யணும்?

பி.காம். சி.ஏ. படிக்கற புள்ளைக்கு டேலி வேணும். டேலி பிரைம் விண்டோஸுலதான் ஓடும். ஆப்பிள் மெசின்ல நேரா ஓடாது. லட்ச ரூபா குடுத்து வாங்கிட்டு, படிக்கற பாடத்துக்கே இன்னொரு ஏற்பாடு பண்ணணும்னா அது என்ன நியாயம்? இந்த ஒரு விசயத்தைக் கடைக்காரர் யாரும் எங்களுக்குச் சொல்லலை. பொண்ணு அவளோட வாத்தியாரைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டா. படம் வரையறவங்க, எழுதறவங்க, வீடியோ வெட்டறவங்களுக்கு அது அருமையான மெசினா இருக்கலாம். போர்வெல் எத்தனை அடி, தண்ணி எந்த அடியில நிக்குதுன்னு தெரியாம மோட்டார் எத்தனை எச்.பி.ன்னு முடிவு பண்ற விவசாயி உண்டா? ஆனா லேப்டாப் விசயத்துல எல்லாரும் மோட்டாரைத்தான் முதல்ல பேசறாங்க.

மூணாவது, ரிப்பேரு. லேசா, மெலிசா செய்யறதுக்காக மேக்புக் ஏர்ல மெமரியை போர்டுலயே பத்தவெச்சுடறாங்க. இப்ப வர்ற மெலிசான விண்டோஸ் மெசின் பலதுலயும் அப்படித்தான். வாங்கறப்ப எவ்வளவோ, கடைசி வரைக்கும் அவ்வளவுதான். பின்னால காசு வந்தா ஏத்திக்கலாம்ங்கற கதை கெடையாது. கெட்டுப்போனா அந்தியூர்ல பார்க்க ஆள் இல்லை. கம்பெனி சர்வீஸ் சென்டரைத் தேடிப் பெரிய டவுனுக்குப் போகணும். கோயமுத்தூர்ல, சென்னைல இருக்கறவங்களுக்கு ஆட்டோ ஏறுனா அரை மணி நேரம். எங்களுக்கு ஒரு நாள் வேலை போச்சு, கறவை நேரத்துக்குள்ள வேற வீடு திரும்பணும்.

சரி, அப்ப மலிவுப் பக்கம் போலாமான்னா, அங்க குழி வேற மாதிரி. விண்டோஸ் 11 ஓடறதுக்கு மைக்ரோசாஃப்ட் சொல்ற குறைஞ்சபட்ச அளவே 4 ஜி.பி. மெமரி, 64 ஜி.பி. சேமிப்பு. அது கதவைத் தாண்டி உள்ள வர்றதுக்கான அளவு. உள்ள வந்து உக்காந்து வேலை செய்யறதுக்கான அளவு இல்லை. ரொம்ப மலிவான மெசின்ல சரியா அதையே குடுத்து, எஸ்.எஸ்.டி.க்குப் பதிலா இ.எம்.எம்.சி.ன்னு ஒரு மெதுவான சேமிப்பைப் போட்டு வெச்சிருப்பாங்க. பொட்டி மேல பெருசா "64 ஜி.பி."ன்னு எழுதியிருக்கும். நம்ம அப்பன் ஆத்தாளுக்கு செல்போன் பழக்கத்துல அது பெரிய நம்பராத் தெரியும். நாலு ஃபைலும் ஒரு அப்டேட்டும் வந்தா மூச்சு முட்டிரும். திரையும் அப்படித்தான். மலிவு மெசின் திரையோட வெளிச்சம் பெரும்பாலும் 250 நிட்ஸ் அளவுல இருக்கும். ரூமுக்குள்ள டியூப்லைட்டுக்கு அடியில அது பரவாயில்லை. எங்க வீட்டுல பகல்ல காத்தாட உக்கார எடம்னா திண்ணைதான். திண்ணையில வெச்சா மூஞ்சி பார்க்கற கண்ணாடி ஆயிரும். மேக்புக் ஏர்ல எம்2ல இருந்து 500 நிட்ஸ்.

இந்த "லேசா, மலிவா" சண்டை பழசுங்க. 2007 கடைசில ஆசுஸ் கம்பெனி ஈ பிசின்னு ஒண்ணு விட்டுச்சு. கிலோவுக்கும் கம்மி எடை, வெலையும் கம்மி. ஆனா திரை ஏழு இஞ்சு, சேமிப்பு 4 ஜி.பி. அடுத்த ஜனவரியில, 2008ல, ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில நின்னு காகிதக் கவருக்குள்ள இருந்து முதல் மேக்புக் ஏரை உருவுனாரு. எங்க பொண்ணு யூடியூப்ல அதைக் காட்டுனா. அதோட ஆரம்ப வெலை 1,799 டாலர். அந்தக் காலத்துல லேசான மெசின் வேணும்னா ஒண்ணு வெளையாட்டுச் சாமான் மாதிரி சின்னதா வாங்கணும், இல்லைன்னா பணக்காரனா இருக்கணும். சின்ன நெட்புக்கு எல்லாம் சில வருசத்துலயே கடையை விட்டுக் காணாமப் போச்சு. 2011ல மத்திய அரசு விட்ட ஆகாஷ் டேப்லெட்டையும் இந்தக் கணக்குல சேர்க்கலாம். வெல கேட்டா சந்தோசமா இருக்கும், வெரலை அழுத்தி அழுத்தித்தான் அந்தத் திரை கேக்கும். வெலையை முதல்ல எழுதி வெச்சுட்டு அதுக்குள்ள மெசினை அடைச்சா அப்படித்தான் ஆகும்.

இப்ப நெலமை மாறிப்போச்சுன்னு நான் சொல்றேன். நடுவுல ஒரு வகை வந்திருக்கு. பதினாலு இஞ்சு திரை, 1.4 கிலோ பக்கம், 16 ஜி.பி. மெமரி, 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. போன் சார்ஜர் மாதிரி டைப்-சி பின்லயே சார்ஜ் ஏறும். நாங்க வாங்குனப்ப 55,000 ரூபா ஆச்சு. எங்க பால் கணக்குல 157 நாள். அஞ்சு வருசம் ஓடுனா வருசத்துக்கு 11,000. மூணு வருசம் ஓடற மலிவு மெசினை விட வருசத்துக்கு ஆயிரம் ரூபா அதிகம், மாசத்துக்கு 83 ரூபா. அந்த 83 ரூபாயில பொண்ணோட தோள்ல கால் கிலோவுக்கு மேல கொறையுது, டேலி ஓடுது, சேமிப்பை எந்தக் கடையிலயும் மாத்திக்கலாம். உலோக உடம்பு இல்லை, பேர் சொன்னா நாலு பேர் திரும்பிப் பார்க்கற மெசினும் இல்லை. அதுக்குன்னு தனியா நாப்பத்தஞ்சாயிரம் குடுக்க எங்ககிட்ட இல்லை.

இன்னொரு வழியும் இருக்கு. கம்பெனி ஆபீஸ்கள்ல மூணு நாலு வருசம் ஓட்டிட்டு விக்கற திங்க்பேட், லேட்டிட்யூட், எலைட்புக் வகை. கட்டுமானம் கெட்டி, உதிரி கெடைக்கும், திறந்து பார்க்கத் தெரிஞ்ச ஆளும் கெடைப்பாங்க. சென்னை ரிச்சி தெருவுல போய்ப் பார்த்தா அடுக்கி வெச்சிருப்பாங்க. ஆனா ஒண்ணு கவனிக்கணும். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் குடுத்துட்டு இருந்த சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது. விண்டோஸ் 11க்கு இன்டெல்னா பொதுவா எட்டாவது தலைமுறைக்கு மேல இருக்கணும். அதுக்குக் கீழ உள்ளதை இப்ப மலிவாத் தள்ளிவிடறாங்க. மாடு வாங்கறப்ப பல்லைப் புடிச்சுப் பார்க்கற மாதிரி அதைக் கேட்டுட்டுத்தான் வாங்கணும். பேட்டரி எத்தனை தடவை ஏறி எறங்கியிருக்குங்கற கணக்கும் மெசினுக்குள்ளயே இருக்கும், அதையும் காட்டச் சொல்லுங்க.

இப்ப அந்த "இது போதும்"க்கு வர்றேன்.

பட்டணத்துல ஒரு வீட்டை எடுத்துக்குங்க. ஆபீஸ் லேப்டாப் ஒண்ணு, சொந்த லேப்டாப் ஒண்ணு, டேப் ஒண்ணு, ஆளுக்கொரு போன். கரண்டு போனா இன்வெர்ட்டர். ஒண்ணு கெட்டா இன்னொண்ணு. அந்த வீட்டுல ஒரு மலிவு லேப்டாப் இருந்தா ஒண்ணும் குடி முழுகாது. எங்க வீட்டுல இருக்கறது ஒரே ஒரு மெசின். அது நின்னா அன்னைக்குப் படிப்பு நிக்கும். கரண்டு போனா பேட்டரிதான் இன்வெர்ட்டர். கெட்டா எடுத்துட்டு ஓட பக்கத்துல கடை இல்லை. அப்படின்னா நம்பகமான மெசின் யாருக்கு அதிகமாத் தேவை? ஊர்ல இருக்கறவங்களுக்குத்தானே? ஆனா பேச்சு மட்டும் தலைகீழா இருக்கு. வசதி உள்ள எடத்துக்கு நல்லது, வசதி இல்லாத எடத்துக்கு "இது போதும்".

இதுல இன்னொரு வேத்துமையும் இருக்கு, அதைச் சொன்னா எங்க ஊர்லயே சில பேருக்குப் பிடிக்காது. பையன் காலேஜு சேர்ந்தா லட்ச ரூபா பைக்குக்கு லோன் போடறாங்க, யாரும் "இது போதுமா"ன்னு கேக்கறதில்லை. பொண்ணுக்கு லேப்டாப்புன்னா மட்டும் "கட்டிக் குடுக்கற புள்ளை, எதுக்கு இத்தனை செலவு"ன்னு பேச்சு வரும். எங்க சொந்தத்துலயே ஒருத்தர், "அந்தக் காசுக்கு நகை எடுத்து வெச்சா நாளைக்கு ஒதவும்"னாரு. இன்னைக்கு ஒரு பவுன் விக்கற வெலைக்கு நல்ல லேப்டாப்பே வந்துரும். நகை பீரோவுல இருக்கும். அவ கணக்கு வேலை கத்துக்கிட்டா அந்தப் பவுனை அவளே வாங்கிக்குவா. நான் அவருகிட்ட அதைத்தான் சொன்னேன். அவருக்கு ஒப்பலை; பரவாயில்லை.

அரசாங்கம் 2011ல இலவச லேப்டாப் குடுக்க ஆரம்பிச்சப்பவும் இதே மாதிரி நக்கல் பேச்சு இருந்துச்சு. "பாட்டுக் கேக்கத்தான் வெச்சுக்குவானுக"ன்னாங்க. அதை வெச்சே படிச்சு இன்னைக்கு வேலையில இருக்கற பசங்க எங்க ஊர்ல இருக்காங்க. 2025 பட்ஜெட்டுல காலேஜு மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு ரெண்டு வருசத்துல டேப்லெட்டோ லேப்டாப்போ குடுக்கறதா அறிவிச்சிருக்காங்க. நல்ல விசயம். கெடைக்கறவங்க தயவுசெஞ்சு அதை வெச்சே படிக்கட்டும், மேல ஒண்ணு வாங்க ஓட வேண்டாம். வாங்கியே ஆகணும்ங்கறவங்களுக்குத்தான் நான் எழுதறது.

உங்ககிட்ட கேட்டுக்கறது இதுதான். ஊர்ல இருந்து யாராவது போன் போட்டு "புள்ளைக்கு என்ன லேப்டாப் வாங்கலாம்"னு கேட்டா, பட்ஜெட் எவ்வளவுன்னு முதல்ல கேக்காதீங்க. தெனமும் தூக்கிட்டுப் போகுமா, ஹாஸ்டல்ல மேசை மேலயே இருக்குமான்னு கேளுங்க. மேசை மேலயே இருக்கும்னா எடையைப் பத்திக் கவலையே வேண்டாம்; மெமரி நல்லா இருக்கற மலிவான பெரிய திரை மெசினே நல்லது. என்ன படிப்பு, அதுக்கு என்ன சாஃப்ட்வேர்னு கேளுங்க. வீட்டுல வேற கம்ப்யூட்டர் இருக்கான்னு கேளுங்க. ரிப்பேர் கடை எத்தனை தூரம்னு கேளுங்க. இந்த நாலுக்கும் பதில் வந்த பின்னால காசைப் பத்திப் பேசுங்க. முப்பதாயிரம்தான் முடியும்னு அவங்க சொன்னா, புதுசுல எது மட்டம்னு தேடாம, பழசுல எது கெட்டின்னு தேடிக் குடுங்க. உங்க ஆபீஸுல பழைய மெசினை விக்கறாங்கன்னா அந்தத் தகவலைச் சொல்லுங்க. ஊர்க்காரனுக்கு அந்த வாசல் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

போதுமா போதாதாங்கறதை, அதைத் தூக்கிட்டுப் போற புள்ளைகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்.

மஞ்சள் வெட்டு ஆரம்பிக்குதுங்க. அடுத்த பதிவு கொஞ்சம் தள்ளித்தான் வரும்.